சிறுநீரக மாற்றுக்குப் பின் உயர் இரத்த அழுத்தம்: மரபணுக்களின் பங்கு

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலானோருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்படுகிறது. அதைக் கட்டுப்படுத்தாவிடில், பொருத்தப்பட்ட சிறுநீரகமும் இதயமும் பாதிப்படையும். உப்பு, உடல் எடை, மருந்துகள் ஆகியவற்றுடன் மரபணுக்களும் இதற்குக் காரணமாகின்றன. இதில் உங்கள் மரபணுக்களுக்கும், கொடையாளரின் மரபணுக்களுக்கும் பங்குண்டு.

கொடையாளரின் மரபணுக்கள்

உடலின் உப்பையும் நீரையும் சமன்செய்வது சிறுநீரகம். பொருத்தப்பட்ட பின்னரும் அதன் செல்களில் கொடையாளரின் மரபணுக்களே இருக்கும். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உயர் இரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் செயலிழந்த ஆறு பேரைப் பற்றியது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பின்னர் அவர்களது இரத்த அழுத்தம் இயல்பு நிலைக்குத் திரும்பியது. கொடையாளரின் இரத்த அழுத்தமும் குடும்ப வரலாறும் முன்கூட்டியே ஆராயப்படுகின்றன.

உங்கள் மரபணுக்கள்

உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உடலில் உப்பைத் தங்கச் செய்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். இம்மருந்தைச் சிதைக்கும் நொதிகளுள் ஒன்றை சிஒய்பி3ஏ5 என்னும் மரபணு உருவாக்குகிறது. சிலருக்கு இந்நொதி நன்கு செயல்படுவதால் மருந்து விரைவாகச் சிதைகிறது. அவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். ஏனையோருக்கு அதே அளவு மிகையாகிவிடலாம். எனவே, உங்கள் மருந்தளவு பிறருடையதிலிருந்து வேறுபடுவது இயல்பே.

மரபணுப் பரிசோதனை அவசியமா?

இரத்த அழுத்தத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு அதைக் கணிக்க இயலாது. இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைக் கண்டறியும் பரிசோதனையே மருந்தளவை முடிவுசெய்யப் பெரிதும் உதவுகிறது. பரிசோதனை நாளன்று, இரத்தம் கொடுத்த பின்னரே காலை மருந்தை உட்கொள்ளவும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வீட்டில் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்து வைக்கவும். பொதுவாக 130/80-க்குக் கீழ் இருப்பது நல்லது; உங்களுக்கான இலக்கை மருத்துவர் கூறுவார்.
• நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிர்க்கவும். இந்துப்பும் உப்பே.
• ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம்.
• வேறு மருத்துவர் தரும் புதிய மருந்தைத் தொடங்குமுன் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் தெரிவிக்கவும். டில்டியாசெம் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகள் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தும்.
• இரத்த அழுத்தம் உயர்கிறது என்று கருதி நிராகரிப்புத் தடுப்பு மருந்தை நீங்களாகவே குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அதனால் சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம்.

கடும் தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்.