பவுன் காசில் ராஜாவும் ராணியும்

மகள் கல்யாணத்திற்காக என் தாயாரின் காசு மாலையை அழித்து நெக்லஸ் செய்வதென்று சரோஜினி நகரில் எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. மாலையைக் கையில் வாங்கிய மகள், "காசில் இருப்பது யார் அப்பா?" என்றாள். உற்றுப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்! எத்தனை பவுன் என்று தெரிந்த எனக்கு, யார் முகம் என்று அதுவரை பார்க்கத் தோன்றவில்லை.

ரோமாபுரியில் காசின் முகம்தான் முக்கியம். அவர்களது பொற்காசு ஏறக்குறைய 7.8 கிராம், கிட்டத்தட்ட நம் ஒரு பவுன். கி.பி. 49-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தி அக்ரிப்பினாவை மணந்தார். அதன்பின் வந்த காசில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் தானியக் கதிர் முடியுடன் ராணி. 54-ல் கிளாடியஸ் இறக்க, அவள் மகன் நீரோ பட்டமேறினான். அவ்வாண்டுக் காசில் தாயும் மகனும் எதிரெதிரே. முன்பக்கத்தில் தாயின் பட்டங்களே. மறு ஆண்டில் மகன் முகம் முன்னே வர, தாயின் முகம் அதன் பின்னே ஒதுங்கியது. பிறகு அதுவும் மறைந்தது. 59-ல் தாயையே கொல்வித்தான் நீரோ. காசைப் பார்த்தே அரண்மனைச் சேதி அறியலாம்!

நம் நாட்டிலும் இதுபோல் உண்டு. குப்தர்களின் பொற்காசு ஒன்றில் முதலாம் சந்திரகுப்தரும் குமாரதேவியும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். இருவர் பெயரும் பொறித்திருக்கிறது. பின்பக்கம் ராணி பிறந்த லிச்சவி குலத்தின் பெயர். பிறந்த வீட்டுப் பெருமையைப் பொன்னிலே பொறித்துவிட்டார்கள்!

இனி தமிழகத்திற்கு வருவோம். மிளகுக்கும் முத்துக்கும் விலையாக ரோமானியப் பொன் இங்கே வந்து குவிந்தது. 1898-ல் புதுக்கோட்டையை அடுத்த கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காலத்தவை. பெரும்பாலானவற்றில் முகத்தின் குறுக்கே உளி வெட்டு! மீண்டும் காசாகச் செல்லாதிருக்கவே இப்படி வெட்டினார்கள் என்பது அறிஞர் பலர் கருத்து. ரோமாபுரியில் யார் உயர்ந்தார், யார் வீழ்ந்தார் என்பது நம்மவர்க்கு எதற்கு? பொன்னின் எடைதான் கணக்கு.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். "பாட்டி கழுத்தில் கிடந்த காசு, எடைக்கு மட்டும்தானா மதிப்பு? அப்படியே போட்டுக்கொள்கிறேன்" என்றாள் மகள்.

மாலை பிழைத்தது. நெக்லஸுக்குத்தான் வேறு வழி பார்க்க வேண்டும்.