சிறிய செரமிக் கரி அடுப்பு: வியாபாரத்துக்கு இலாபமா, நட்டமா?

மாலை நேரத்தில் கரியில் சுட்ட கோழி விற்பது இன்று நமது ஊர்களில் நல்லதொரு வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. கொழும்பிலிருந்து கிழக்கின் கரையோர ஊர்கள் வரை, அஸருக்குப் பின்னர் கடை வாசலில் புகை எழாத கடைத்தெரு குறைவு. இவர்களில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது தார் பீப்பாயை நெடுக்காக வெட்டி, கால் பொருத்தி, மேலே கம்பித் தட்டு வைத்த அடுப்பையே. 2022 இல் சமையல் எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற பின்னர், கரியை நம்பித் தொழில் செய்யலாம் என்ற எண்ணம் சாப்பாட்டுக்கடைக்காரர் பலருக்கும் வந்தது.

இந்நிலையில் முட்டை வடிவிலான சிறிய செரமிக் கரி அடுப்புகள் பற்றிய பேச்சும் அடிபடுகிறது. “கரி மிச்சம், இறைச்சி காயாது, வாழ்நாள் முழுவதும் உழைக்கும்” என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இதனைத் தமது கடைக்கு வாங்கலாமா என்று சிலரும், இறக்குமதி செய்து விற்கலாமா என்று வேறு சிலரும் யோசிக்கின்றனர். இரு தரப்பினரும் பணத்தைப் போடுமுன் இதன் சாதக பாதகங்களை நிதானமாக நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

இது என்ன பொருள்?

ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய ‘கமாடோ’ எனும் அடுப்பே இதன் மூதாதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் மூலம் அது அமெரிக்காவுக்குச் சென்றது. 1974 இல் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் ஆரம்பித்த ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம் இதனை உலகறியச் செய்தது. ஆரம்பத்தில் விற்ற களிமண் அடுப்புகள் வெடித்துப் பழுதடைந்ததால், பின்னர் உயர் வெப்பத்தைத் தாங்கும் செரமிக்குக்கு மாறினார்கள். இன்று சீனாவில் தயாராகும் பல வகைகளும் சந்தையில் உள்ளன.

இதன் இயக்கம் எளிமையானது. தடித்த செரமிக் சுவர், கனத்த மூடி, கீழே ஒரு காற்றுத் துவாரம், மேலே ஒரு காற்றுத் துவாரம், அவ்வளவுதான். துவாரங்களைத் திறந்தால் தீ கூடும், ஒடுக்கினால் குறையும். சுவர் சூட்டை உள்வாங்கி வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமிருந்தும் உணவுக்குத் திருப்பிக் கொடுக்கும். நமது கடைகளில் நாண் சுடும் தந்தூரி அடுப்பின் தத்துவமும் இதுவே.

சிறிய வகை எனப்படுபவற்றின் கம்பித் தட்டு ஏறத்தாழ 13 அங்குல விட்டமுடையது. நிறை 30 முதல் 40 கிலோ வரை. “சிறியது” என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் ஒரு கையால் தூக்கிச் செல்லலாம் என எண்ணிவிடக் கூடாது.

நன்மைகள்

முதலாவது, கரி சிக்கனம். திறந்த பீப்பாயில் பெருமளவு வெப்பம் காற்றோடு போய்விடுகிறது. மூடிய செரமிக் அடுப்பில் அது உள்ளேயே நிற்கிறது. வேலை முடிந்ததும் இரு துவாரங்களையும் அடைத்துவிட்டால் தீ அணைந்துவிடும். எஞ்சிய கரியை மறுநாளும் பயன்படுத்தலாம். பீப்பாயிலோ எஞ்சிய கரி பெரும்பாலும் சாம்பலாகிறது.

இரண்டாவது, இறைச்சியின் பதம். உள்ளே செல்லும் காற்று குறைவாதலால் ஈரம் அதிகம் வற்றுவதில்லை. நெஞ்சு இறைச்சி கூட காய்ந்து போகாமல் வெந்து வரும்.

மூன்றாவது, சூட்டின் வீச்சு. 110 பாகை செல்சியஸில் பல மணித்தியாலம் மெதுவாக வேக வைக்கலாம். 300 பாகைக்கு மேல் ஏற்றி பீட்ஸாவும் ரொட்டியும் சுடலாம். இரண்டு மூன்று அடுப்புகளின் வேலையை ஒன்று செய்கிறது.

நான்காவது, தூறல் மழைக்கும் காற்றுக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. செரமிக் துருப்பிடிப்பதில்லை என்பதால் கடற்கரை ஊர்களில் இது சிறிய விடயமல்ல. ஆயினும் அதன் இரும்புப் பட்டி, ஆணி, கம்பித் தட்டு என்பன உப்புக் காற்றில் துருப்பிடிக்கவே செய்யும்.

குறைகள்

முதற் குறை, இடம் போதாமை. 13 அங்குலத் தட்டில் தொடையுடன் கூடிய கோழிக்கால் நான்கு வைத்தால் நிறைந்துவிடும்.

இரண்டாவது, அவசரத்துக்கு உதவாது. சூடேற 20 நிமிடம் வரை எடுக்கும். சூடு அதிகமாகிவிட்டால் இலகுவில் இறங்காது. நடுவில் கரி போட வேண்டுமானால் உணவையும் தட்டையும் தூக்கி எடுக்க வேண்டும். பீப்பாயில் ஓரத்தால் ஒரு பிடி கரியைத் தள்ளிவிடுவது போன்ற வசதி இதில் இல்லை.

மூன்றாவது, உடையும் தன்மை. கீழே விழுந்தால் முடிந்தது. சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டாலும் வெடிப்பு ஏற்படலாம். ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏற்றி இறக்கும் நடமாடும் வியாபாரிக்கு இது பெரிய தலைவலி.

நான்காவது, பழகாத கைக்கு ஆபத்து. துவாரம் ஒடுக்கப்பட்ட நிலையில் மூடியைத் திடீரெனத் திறந்தால் காற்று உட்புகுந்து தீ வெளியே பாயும். முதலில் ஓரங்குலம் திறந்து, சற்றுப் பொறுத்தே முழுமையாகத் திறக்க வேண்டும். மண்ணெண்ணெய் போன்றவற்றை ஊற்றிப் பற்றவைக்கவும் கூடாது. சுவர் அதனை உறிஞ்சி, பின்னர் சமைக்கும் எல்லாவற்றிலும் அந்த வாடையைத் தரும்.

ஐந்தாவது, கரியின் தரம். நமது நாட்டில் தாராளமாகக் கிடைப்பது சிரட்டைக்கரி. அது நல்ல சூடு தரும். ஆனால் சிறு துண்டுகளும் தூளும் அடித்தட்டின் துவாரங்களை அடைத்துக் காற்றைத் தடுத்துவிடும். சலித்துப் பெரிய துண்டுகளை மட்டும் பயன்படுத்த வேண்டும், அல்லது மரக்கட்டைக் கரி தேட வேண்டும். மேலும், செயலூக்கப்பட்ட கரி தயாரித்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளும் சிரட்டைக்கரியையே வாங்குகின்றன. அவர்களது தேவை கூடும்போது நமது அடுப்புக் கரியின் விலையும் ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளம்பரம் கரிச் சிக்கனத்தையே முன்னிறுத்துகிறது. ஆனால் சுட்ட கோழி வியாபாரியின் பெரிய செலவு கரியா? இல்லை. கோழி, எண்ணெய், மசாலா, கூலி, வாடகை ஆகியவற்றுக்குப் பின்னரே கரி வருகிறது. அவருடைய வருமானத்தைத் தீர்மானிப்பது, மஃரிபுக்கும் இரவு 10 மணிக்கும் இடையில் எத்தனை துண்டுகளைச் சுட்டுக் கொடுக்க முடிகிறது என்பதே.

200 லீற்றர் பீப்பாயை நெடுக்காக வெட்டினால் சுமார் 88 சென்டிமீற்றர் நீளமும் 57 சென்டிமீற்றர் அகலமும் கிடைக்கும். அதாவது 13 அங்குல வட்டத் தட்டைப் போல ஏறத்தாழ 6 மடங்கு இடம். ஒரு கோழிக்கால் வேக 40 முதல் 45 நிமிடம் பிடிக்கிறது என்றால், நான்கு மணித்தியாலத்தில் 5 தடவை சுடலாம். செரமிக் அடுப்பில் 20 துண்டு. பீப்பாயில் 120 துண்டு.

இப்போது ஓர் உதாரணம். இவை விளக்கத்துக்கான எண்களே. உங்கள் கடையின் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். செரமிக் அடுப்பின் விலை 150,000 ரூபா. அதனால் ஒரு மாலையில் 3 கிலோ கரி மிச்சமாகிறது. கரி கிலோ 200 ரூபா என்றால் 600 ரூபா சேமிப்பு. ஒரு துண்டில் இலாபம் 100 ரூபா.

மாலையில் 60 துண்டு விற்கும் கடைக்காரர் பீப்பாயை விட்டு இதற்கு மாறினால் 20 துண்டுதான் கொடுக்க முடியும். 40 துண்டின் இலாபம், அதாவது 4,000 ரூபா கைநழுவும். 600 ரூபாவைச் சேமிக்க 4,000 ரூபாவை இழப்பது வியாபாரமாகாது.

மறுபுறம், நாளொன்றுக்கு 15, 20 துண்டு மட்டுமே விற்கும் சிறு உணவகத்துக்கு இழப்பு எதுவுமில்லை. 600 ரூபா வீதம் 250 வியாபார நாட்களில் போட்ட பணம் திரும்பிவிடும். அதன் பின்னர் வருவது சேமிப்பே. ஆனால் அந்த 250 நாட்களுக்குள் அடுப்பு உடையாதிருக்க வேண்டும்!

ஆகவே ஒரு வாரம் கரியைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எத்தனை துண்டு விற்றது, எத்தனை வாடிக்கையாளர் காத்திருக்க முடியாமல் திரும்பினார்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். விளம்பரத்தை விட அந்தக் கொப்பி உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

யாருக்குப் பொருந்தும்?

ஓரிடத்தில் நிலையாக இருக்கும் சிறு உணவகம், முன்கூட்டியே கட்டளை பெற்று முழுக் கோழியோ ஆட்டுத் தொடையோ மெதுவாகச் சுட்டுக் கொடுப்பவர், தரத்துக்கு விலை கொடுக்கும் வாடிக்கையாளரைக் கொண்ட விருந்தினர் விடுதி ஆகியோருக்கு இது பொருந்தும். நோன்புக் காலத்தில் இஃப்தாருக்கு முன்னர் ஒரே நேரத்தில் கூட்டத்தைச் சமாளிப்பவருக்கும், திருமண வீட்டுக்குச் சமைப்பவருக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் பொருந்தாது. அதிகம் சுட வேண்டியவருக்குப் பீப்பாயே போதும். அதற்குத் தகர மூடியொன்றும் காற்றை ஒடுக்கும் தகடொன்றும் பொருத்தினால், கரிச் சிக்கனத்தில் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் அதிலேயே பெறலாம்.

எந்த அடுப்பானாலும் இரு விடயங்களை மறக்க வேண்டாம். மூடிய அறையில் கரி எரிப்பது உயிராபத்து. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. அத்துடன், கோழி இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸை அடைந்திருக்க வேண்டும். மூடியிலுள்ள வெப்பமானி காட்டுவது உள்ளிருக்கும் காற்றின் சூட்டையே தவிர, இறைச்சியின் சூட்டையல்ல. அதற்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானியொன்று தனியாக வேண்டும்.

இறக்குமதி செய்து விற்க நினைப்போருக்கு

இது பாரமான, உடையக்கூடிய சரக்கு. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் கப்பற் கூலி, காப்புறுதி, வழியில் உடைவது ஆகியவற்றையும் சேர்த்தே அடக்க விலை காண வேண்டும். சுங்கத்தில் செரமிக் பொருளாகவா, வேறு தலைப்பின் கீழா வகைப்படுத்தப்படும் என்பதைப் பொறுத்துத் தீர்வை மாறும். கட்டளை அனுப்புமுன் சுங்கத் தரகரிடம் இதனை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை இறக்குமதியாளர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மெதுவாக விற்பனையாகும் சரக்கில், கடன்பட்டு முழு முதலையும் முடக்குவது அறிவுடைமையாகாது. அதிலும் வட்டிக் கடன் எடுத்துத் தொடங்குவதில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

உத்தரவாதத்தையும் வாசியுங்கள். பல தயாரிப்பாளர்கள் தரும் “வாழ்நாள் உத்தரவாதம்” வீட்டுப் பாவனைக்கும், அங்கீகாரம் பெற்ற முகவரிடம் வாங்கிய முதல் உரிமையாளருக்கும் மட்டுமே உரியது. இதைச் சொல்லாமல் ஹோட்டல்காரர் ஒருவருக்கு விற்பது அவரை ஏமாற்றுவதாகும்.

மயிரிழை வெடிப்புள்ள அடுப்பும் அவ்வாறே. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என வியாபாரியைக் கேட்ட ஹதீஸ் நாம் அறிந்ததே. வெடிப்பைக் காட்டி விலையைக் குறைத்து விற்பது வியாபாரம். மறைத்து விற்பது மோசடி.

ஸகாத் கணக்கிலும் வேறுபாடு உண்டு. கடையில் பாவிக்கும் அடுப்பு உபகரணமாதலால் அதன் பெறுமதிக்கு ஸகாத் இல்லை. விற்பனைக்காக அடுக்கி வைத்திருப்பவை வியாபாரப் பொருட்கள். நிஸாபும் வருடமும் பூர்த்தியானால் அவற்றின் சந்தைப் பெறுமதியில் 2.5 வீதம் கடமையாகும். சந்தேகமிருப்பின் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், சிறிய செரமிக் அடுப்பு நல்ல பொருளே. ஆனால் அது கரியை மிச்சப்படுத்தும் அளவுக்கு விற்பனையையும் மட்டுப்படுத்தும். குறைவாக, நிதானமாக, தரமாகச் சமைப்பவருக்கு அது துணை; கூட்டத்துக்குச் சமைப்பவருக்கு அது தடை. உங்கள் கடை இவற்றில் எது என்பதைத் தீர்மானித்த பின்னர் பணப்பையைத் திறவுங்கள். இன்ஷா அல்லாஹ், கணக்குப் பார்த்து இறங்கும் வியாபாரம் கைவிடாது.