கொடைக்கானலில் மே மாதம் மட்டும் இல்லை

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பஸ் மலையேற ஏற உப்பிக்கொண்டே போகும். கொடைக்கானலில் இறங்கும்போது வெடித்துவிடுமோ என்று தோன்றுமளவு விறைத்து நிற்கும். உள்ளே அடைபட்ட காற்று அதேதான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றியவர்கள் மத்தியானச் சாப்பாட்டை ராத்திரிக்குத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.

ஊரின் குளிர்ச்சிக்கும் இதுவே அடிப்படை. சமவெளியில் சூடான காற்று மலைச்சரிவில் ஏறும்போது, தன்னை அமுக்கும் அழுத்தம் குறையக் குறைய விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால் குளிர்ந்துபோகிறது. காய்ந்த காற்றென்றால் ஆயிரம் மீட்டருக்கு 9.8 டிகிரி வரை இறங்கும். ஈரம், மேகம் எல்லாம் சேர்ந்த சராசரிக் கணக்கில் 6.5 டிகிரி. அதனால்தான் கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்தில்கூட இங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

ஆனால் காற்று மெலிந்தால் வெயிலுக்கான வடிகட்டியும் மெலிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஏரியில் படகு விட்டு, கரையைச் சுற்றி சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளுக்கு அன்று ஒன்றும் தெரியாது. குளிர்காற்று எரிச்சலை மறைத்துவிடும். மறுநாள் ஊர் திரும்பியதும் மூக்கு நுனி உரியும்போதுதான் அம்மாக்கள் கவனிப்பார்கள். ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்துவருபவர்கள் தொப்பியை மறந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் வந்துபோகிறவர்களின் கொடைக்கானல். அங்கேயே குடியிருப்பவர்களின் தட்பவெப்பம் வேறு. அதை ராத்திரியில்தான் பார்க்க வேண்டும்.

மேகமில்லாத ஜனவரி இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியதும் இப்படியொரு பள்ளத்தில்தான். நீர் தேங்கிய இடத்திலேயே குளிரும் தேங்குகிறது. விடிகாலையில் ஏரிச்சாலை, ஜிம்கானா பக்கம் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும்; கார் கண்ணாடியைச் சுரண்டித்தான் வண்டியை எடுக்க முடியும். அதே நேரத்தில் மேட்டிலிருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் பனித்துளிதான் இருக்கும். மேலே போனால் குளிரும் என்ற விதி அந்தச் சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிவிடுகிறது. தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் கூண்டில் வைத்த வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் உறைபனி பிடித்துவிடும். அதனால் பேப்பரில் வரும் எண்ணும் தோட்டத்தில் கருகிய செடியும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

தேங்கிய காற்று புகையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். விறகடுப்புப் புகையும் வண்டிப் புகையும் மேலே போக வழியின்றிப் பள்ளத்திலேயே படுத்துக்கிடக்கும். தூய காற்றுக்காக மலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு இது எதிர்பாராத பரிசு.

அடுத்தது ஈரம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவி தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால், ஏற்கெனவே நிரம்பிய காற்றுக்குள் வேட்டி ஈரம் எங்கே போகும்? கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது. பீரோவுக்குள் செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டுவலிக்காரர்களிடம் கேட்டால் மூடுபனியின் அழகைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அழகு இல்லையென்று சொல்லவில்லை. 1872-இல் போடப்பட்ட கோக்கர்ஸ் வாக் நடைபாதையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருக்க, எதிரே பள்ளத்தில் மூடுபனி நின்றால், நம் நிழலே பூதாகாரமாகத் தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு தெரியும். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வளைத்துத் திருப்பி அனுப்பும் வேலை அது. பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

என் பார்வையில் இந்த ஊரின் உண்மையான சிக்கல் குளிரும் அல்ல, ஈரமும் அல்ல. மழைக் காலண்டரும் கூட்டத்தின் காலண்டரும் எதிரும் புதிருமாக இருப்பதுதான். பெருமழை அக்டோபர், நவம்பரில். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில். இடையில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம். காட்டுத்தீயும் அந்தக் கட்டத்தில்தான் பிடிக்கிறது. ஆக, ஓடைகள் மெலிந்து ஓய்ந்திருக்கும் வேளையில்தான் விடுதிகள் நிரம்புகின்றன. வாகன நெரிசலைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. வண்டிகளை எண்ணுவதற்கு அது உதவும். ஓடைக்குத் தண்ணீர் அதனால் வந்துவிடாது.

ஓடைநீர் மலையின் பழைய தோலைச் சார்ந்தது. பழனி மலையின் மேல்பகுதி புல்வெளியும் சோலைக்காடும் கலந்த நிலம். மழையை மண்ணுக்குள் வாங்கி, மாதக்கணக்கில் கசியவிடுவது அந்த அமைப்பின் வழக்கம். புல்வெளியைத் தரிசு என்று நினைத்து அதன்மேல் சீகை, பைன், தைலமரம் நட்டார்கள். வேகமாக வளரும் மரம் புல்லைவிட அதிக நீரை உறிஞ்சி ஆவியாக்கும். நீலகிரியில் கிளன்மார்கனில் இதை அளந்தே பார்த்தார்கள்: புல்வெளியில் தைலமரம் நட்ட ஓடைப் பகுதியில் முதல் சுற்று வளர்ச்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. அதற்காக நட்டதையெல்லாம் ஒரேயடியாக வெட்டுவதும் ஆபத்து. வெட்டிய இடத்தில் சீகை விதை முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும்.

பொறுக்கும் அளவு குளிரும் இதமான வெயிலும் போதுமென்று இங்கே வீடு வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மே மாதம் பார்க்காதீர்கள். நவம்பரில் வந்து சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஜனவரியில் விடியுமுன் எழுந்து, உறைபனியும் புகையும் எந்த மட்டம் வரை நிற்கிறதென்று பாருங்கள். ஏப்ரலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் லாரித் தண்ணீர் என்ன விலை என்று விசாரியுங்கள்.