சங்கத்தில் வேலையா?

“கம்பஸ் முடிச்சுப்போட்டுச் சங்கத்திலையோ வேலை செய்யப்போறாய்?”

சமூகவியல் பட்டத்துடன் ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமொன்றில் நான் சேர்ந்தபோது பெரியம்மா கேட்ட கேள்வி இது. அரச நியமனம் கிடைக்கும்வரை இருப்போம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது முதலாவது ஆண்டுப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கையை நான் வாசித்து முடித்ததும், பாய் இழைத்துச் சீவிக்கும் ஓர் அம்மா எழுந்தார். “பிள்ளை, நிர்வாகச் செலவு போன வருசத்தைவிட ஏன் கூட?” என்று கேட்டார். கூடிய செலவு என் சம்பளம்தான். தலைவர் விளக்கிய பின்னரே அவர் அறிக்கைக்குக் கையுயர்த்தினார். கடன் கேட்டு வருபவரே என் முதலாளியும் என்பது அன்று விளங்கியது.

கம்பனியில் பங்கு கூடியவருக்கு வாக்கும் கூட. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து மா, சீனி, வெண்ணெய் விற்கும் சிறு கடையொன்றைத் தொடங்கினர். மிஞ்சிய இலாபத்தை அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. நம் ஊர்ச் சங்கக்கடையும் இந்த வழியில் வந்ததே.

யுத்தத்தின் பின் நுண்கடன் கம்பனிகள் படலை தேடி வந்தன. வாராந்தத் தவணை கட்ட முடியாமல் பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தனர். வரட்சி பாதித்த மாவட்டங்களில் நிலுவையில் விழுந்த பெண்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அக்காலத்தில், தவணைக்காரர் முன்வாசலில் நிற்கப் பின்வளவால் எங்களிடம் ஓடிவந்தார் ஒரு சகோதரி. கடனை அடைக்கக் கடன் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அவருடைய வரவுசெலவை எழுதி நிர்வாகக் குழுவின்முன் வைத்தேன். இரண்டு அமர்வுகள் வாதாடிய பின், இரு அங்கத்தவர் பிணையில், மாதத் தவணைக்கு இணங்கினர். கடைசித் தவணை கட்டிய வருடம் அவர் நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். மீண்டும் கேட்பாராம்!

குறைகளும் உண்டு. சம்பளம் குறைவு. சில சங்கங்களில் கூட்டக் குறிப்புகூட ஒழுங்காக எழுதப்படுவதில்லை. வேண்டியவர்களுக்கே கடன் போகிறது. ஆகவே சேருமுன் விசாரியுங்கள். கடைசிக் கணக்காய்வு எப்போது நடந்தது? பொதுக்கூட்டம் வருடந்தோறும் கூடுகிறதா? நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள்? ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் உங்களிடம் பிடித்தால், சங்கம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும், கட்டுகிறார்களா?

நியமனக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் பட்டதாரித் தங்கைமாரே, உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கணக்கு வாசிக்கத் தெரிந்தவரை அங்கு தேடுகிறார்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.