கடைத்திருட்டு: ஒரு செயல், மூன்று பெயர்கள்

ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் இருப்பு எடுக்கும்போது இரண்டு சேலை குறைந்தது. அந்தப் பிரிவில் நின்ற பெண்ணின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். "எடுத்தவ யாருன்னே தெரியாது, காசு கட்டுறவ மட்டும் நான்" என்றாள். நம் தோழர்கள் சிலர் கடைத்திருட்டைப் பற்றி "முதலாளிகிட்டருந்துதான எடுத்தான், விடுங்க" என்று பேசும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அதற்காக, காவல் நிலையத்தின் பார்வையில் இதைப் பேசவும் எனக்கு உடன்பாடில்லை.

கடைத்திருட்டு என்பது என்ன? கடை திறந்திருக்கும்போதே வாடிக்கையாளராக உள்ளே வந்து, காசு கொடுக்காமல் பொருளை மறைத்து எடுத்துப்போவது. விலைச்சீட்டை மாற்றி ஒட்டுவதும் இதில் சேர்த்தி. பூட்டை உடைப்பதில்லை, யாரையும் மிரட்டுவதில்லை. வாங்க வந்தவரும் திருட வந்தவரும் கடைசி நிமிடம்வரை ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். ஆகவே எல்லோரையும் வரவேற்றுக்கொண்டே எல்லோரையும் சந்தேகிக்கும் இடமாகக் கடை அமைந்துவிடுகிறது.

இந்தச் செயலுக்கு வரலாற்றில் மூன்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள். முதலாவது குற்றம். இங்கிலாந்தில் 1699 இல் வந்த சட்டப்படி, கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளை ரகசியமாக எடுத்தால் தூக்கு. இதை நீக்க 1810 இல் சாமுவேல் ரோமிலி கொண்டுவந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. ஜூரிகள்தான் பல வழக்குகளில் பொருளின் மதிப்பை வேண்டுமென்றே 5 ஷில்லிங்குக்குக் கீழே குறைத்துச் சொல்லி உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

இரண்டாவது பெயர் நோய். 19 ஆம் நூற்றாண்டுப் பாரிசில் போன் மார்ஷே போன்ற பேரங்காடிகள் எழுந்தன. விலை எழுதியிருக்கும், பேரம் கிடையாது. வாங்காவிட்டாலும் உள்ளே வரலாம், தொட்டுப் பார்க்கலாம். ஆசையைக் கிளப்பிவிடுவதே வியாபார உத்தியாயிற்று. அங்கே பிடிபட்டவர்களில் வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். சீமாட்டியைத் திருடி என்று எப்படிச் சொல்வது? மருத்துவம் கைகொடுத்தது. ஆந்த்ரே மத்தே என்ற ஸ்விஸ் மருத்துவர் 1816 இலேயே பெயரிட்டிருந்த திருட்டுப் பித்து, பிறகு 'கிளெப்டோமேனியா' என்று நிலைத்தது. மாதவிடாயும் கர்ப்பமும்கூடக் காரணங்களாக்கப்பட்டன. ஆக, சீமாட்டிக்குச் சிகிச்சை, வேலைக்காரிக்குச் சிறை. அப்படியொரு நோயே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தேவைக்காகவோ பணத்துக்காகவோ அல்லாமல், உந்துதலை அடக்க முடியாமல் எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மிகச் சிலர்.

மூன்றாவது பெயர் பசி. ஜெனோவா நகரக் கடையில் வீடற்ற ஒருவர் சுமார் 4 யூரோ மதிப்புள்ள பாலாடைக்கட்டியும் சாசேஜும் எடுத்தார். உடனடிப் பசியைத் தீர்க்கச் சிறிதளவு உணவு எடுத்தது குற்றமாகாது என்று 2016 இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

இந்த மூன்றிலும் அடங்காதவர்களும் உண்டு. சவாலுக்காக எடுக்கும் பள்ளிப் பிள்ளைகள், மறுவிற்பனைக்கு எடுக்கும் கூட்டம், போதைக்கு அடிமையானவர்கள், ஜப்பானில் தனிமையில் வாடும் முதியவர்கள். செயல் ஒன்றுதான். யாருக்கு எந்தப் பெயர் கிடைக்கும் என்பதை வர்க்கமும் சாதியும் பாலினமும் தீர்மானிக்கின்றன.

நம்மூரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1871 ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது; 1952 இல் ஒழிந்தது. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியின் கண் யார் பின்னால் போகிறது என்று பாருங்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் பல நேரம் விஷயம் நீதிமன்றம்வரை போவதேயில்லை. கடையின் பின்னறையிலேயே விசாரணையும் தண்டனையும் நடந்து முடிந்து, கேமராப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது.

இனி விளைவுகள். இருப்பில் குறைவதெல்லாம் திருட்டு அல்ல. கணக்குப் பிழை, சேதாரம், சரக்கு அனுப்பியவர் குறைத்து அனுப்பியது எல்லாம் அதில் அடக்கம். முதலாளி இந்த நட்டத்தை விலையில் ஏற்றிவிடலாம், காப்பீட்டிலும் ஈடுகட்டலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த வழிகள் இல்லை. 1936 ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஊழியரிடம் வெளிப்படையாக ஒப்படைத்த பொருள் அவரது கவனக்குறைவால் தொலைந்தால் மட்டுமே பிடிக்கலாம், அதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று வகுத்தது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

கடைத்திருட்டை ஒரு கலகமாகக் கொண்டாடுபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தச் சீட்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடை ஊழியர்களுக்குச் சங்கம் கட்டுகிறவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியதும் அந்தச் சீட்டைத்தான்.