ஆயாவின் ஓட்டு

நமக்கு வாக்குரிமை கிடைக்க இன்னும் மூன்றாண்டுகள் உள்ளன. ஆனால் தேர்தல் ஒலிபெருக்கி நம் வயதைக் கேட்டுவிட்டா அலறுகிறது?

2024 ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது வேங்கிக்காலில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரசார வண்டி வந்து நின்றது. தண்ணீரைப் பற்றியோ சாலையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எதிர்த்து நிற்பவர் வீட்டுப் பெண்களைப் பற்றியே பேச்சு. மறுநாள் எதிர்த்தரப்பு வண்டி வந்து அதே பாணியில் பதில் சொல்லிச் சென்றது. "இவனுக்கும் வேணாம், அவனுக்கும் வேணாம். இந்த வாட்டி நான் ஓட்டுப் போடப் போவல" என்றார் என் ஆயா.

இப்படிப் பேசுவதற்குத் தடையே இல்லையா என்று எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். தடை உண்டு. தேர்தல் நடத்தை விதிகளின்படி மாற்றுக் கட்சியின் கொள்கையையும் கடந்தகாலச் செயல்களையும் குறை கூறலாம். பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக்கூடாது. 2021 சட்டமன்றத் தேர்தலில், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் தாயாரைக் குறித்துப் பேசியதற்காக தி.மு.க.வின் ஆ. இராசா 48 மணி நேரம் பிரசாரம் செய்யக்கூடாதென்று தேர்தல் ஆணையம் தடை விதித்தது. அதற்கு முன்பே அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். இரண்டு நாள் தடை போதுமா? எனக்குப் போதுமென்று தோன்றவில்லை. பேச்சு அதற்குள் நாடெங்கும் பரவிவிட்டதே!

சரி, ஆயாவைப் போல வெறுத்துப்போனவர்கள் என்ன செய்வது? முன்பு 49-ஓ என்றொரு விதி இருந்தது. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதை வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். முகவர்கள் எதிரிலேயே அமர்ந்திருப்பார்கள். பிறகு இரகசியம் ஏது? 27-9-2013 அன்று, ஈரோட்டுப் பக்கத்தவரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே இதற்கொரு பொத்தான் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதுவே 'நோட்டா'. தமிழகத்தில் முதன்முதலாக அதே ஆண்டு டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் அது இடம்பெற்றது. 2016 சட்டமன்றத் தேர்தலில் 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினர். 2021 இல் அது சுமார் 3 இலட்சத்து 45 ஆயிரமாகக் குறைந்தது.

இதில் ஒரு குறையும் உண்டு. 'நோட்டா' எத்தனை வாக்குகள் பெற்றாலும் வேட்பாளர்களுள் அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர். அதைச் சொன்னதும் ஆயா, "அப்ப அது எதுக்கு?" என்று கேட்டார். வீட்டில் இருந்துவிட்டால் சோம்பலா கோபமா என்று யாருக்கும் தெரியாது. பொத்தானை அழுத்தினால் கோபம் கணக்கில் ஏறும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

வாக்குப்பதிவன்று வெயில் தாழ்ந்தபின் ஆயா புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். திரும்பி வந்ததும், "எந்தப் பொத்தான் ஆயா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"இரகசியம்னு நீதானடி சொன்ன" என்று மையிட்ட விரலைக் காட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.