டிஜிபின் வந்தால் பின்கோடு போய்விடுமா?

அஞ்சல் துறை 2025 மே 27 அன்று டிஜிபின் என்ற இடக்குறியீட்டு முறையை அறிமுகம் செய்தது. அது பற்றி மக்களிடம் எழும் சந்தேகங்களுக்கு விளக்கம் இதோ.

பழைய பின்கோடு செல்லாதா?

செல்லும். 1972 ஆகஸ்ட் 15 முதல் புழக்கத்தில் இருக்கும் ஆறு இலக்கப் பின்கோடு அப்படியே தொடர்கிறது. தபால் எந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பின்கோடு சொல்லும். உங்கள் வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை டிஜிபின் சொல்லும்.

அப்படியானால் இது எதற்கு?

ஒரே பின்கோட்டுக்குள் பல கிராமங்கள் அடங்கிவிடுகின்றன. தெருப்பெயரோ கதவு எண்ணோ இல்லாத குடியிருப்புகள் நம்மிடம் ஏராளம். "மாரியம்மன் கோயில் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்" என்றுதான் வழி சொல்கிறோம். ஊர்க்காரர்களுக்கு அது புரியும். இரவில் வரும் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் புரியாது. டிஜிபின்னின் உண்மையான பயன் இங்கேதான்.

எண்ணை யார் கொடுக்கிறார்கள்?

யாரும் ஒதுக்குவதில்லை, விண்ணப்பிக்கவும் வேண்டாம். இந்தியாவையும் அதன் கடற்பரப்பையும் உள்ளடக்கிய ஒரு பெரிய சதுரத்தைப் பதினாறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து அல்லது எண். அந்தக் கட்டத்தை மறுபடி பதினாறாக... இப்படிப் பத்து முறை பிரித்தால், கடைசியில் சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம் கிடைக்கிறது. அதனால்தான் குறியீட்டில் பத்து எழுத்துகள். அதில் 0, 1 இரண்டும் வராது. வந்திருந்தால் எங்கோ தவறாக எழுதியிருக்கிறீர்கள். ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றன. அஞ்சல் துறையின் 'உங்கள் டிஜிபின்னை அறியுங்கள்' இணையப் பக்கத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

வாசலில் ஓர் எண், கொல்லையில் வேறு எண் காட்டுகிறதே?

கட்டம் அவ்வளவு சிறியது. செல்போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினாலும் எண் மாறிவிடும். வெட்டவெளியில் நின்று பார்த்து, தலைவாசலுக்கு உரியதையே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில்?

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே எண்தான். மாடியையும் ஃபிளாட் எண்ணையும் எழுதியே ஆக வேண்டும்.

அந்தரங்கத்துக்கு ஆபத்தா?

குறியீட்டில் உங்கள் பெயரோ செல்போன் எண்ணோ கிடையாது. ஆனால் உங்கள் பெயரோடு சேர்த்து அதைச் சமூக ஊடகத்தில் போட்டால், யார் வேண்டுமானாலும் உங்கள் வாசலுக்கே வந்துவிடலாம். அந்த எச்சரிக்கை அவசியம். முகவரிச் சான்றாகவும் இதைக் காட்ட முடியாது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது இதில் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

தபாலில் முழு முகவரியையும் பின்கோட்டையும் வழக்கம்போல் எழுதுங்கள். அவசர அழைப்பின்போது சொல்ல வசதியாக, டிஜிபின்னை ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் முதியவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அவசர அழைப்பை ஏற்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையும் இந்த எண்ணைக் கேட்டு வாங்கும்படி செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு.